இருபத்து மூன்றாம் பாடத்தில் அவர் சொன்னது

என் கணவர் இறந்து மூன்று வாரம் கழித்து, அவருடைய முகத்தில் உயிர் இல்லை என்று நிறுவனம் எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவித்தது.

தவறு எங்கள் பக்கம்தான். அவருடைய கணக்கைத் திறக்க வேண்டுமென்றால் அவருடைய முகத்தைக் கேமராவுக்குக் காட்ட வேண்டும். முகம் கைவசம் இல்லாததால் என் கொழுந்தன் சுவரிலிருந்த படத்தைக் கழற்றி, கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து, கணினி முன்னால் பிடித்தான். திரை கொஞ்ச நேரம் யோசித்தது. "கண் சிமிட்டவும்" என்றது. காத்திருந்தது. "தலையை இடப்பக்கம் திருப்பவும்" என்றது. கொழுந்தன் படத்தை இடப்பக்கம் திருப்பினான்.

"உயிருள்ள முகம் கண்டறியப்படவில்லை. இந்த முயற்சி பதிவு செய்யப்பட்டது."

"அதைத்தானே அண்ணி நாமளும் சொல்றோம்," என்றான் கொழுந்தன்.

அடுத்த நாள் அதே வாசகம் கடிதமாக வந்தது. கீழே, இது குறித்து ஆட்சேபம் இருந்தால் சம்பந்தப்பட்டவர் நேரில் வரலாம் என்றும் இருந்தது.

என் கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். இருபத்தாறு வருஷம் பட்டறையில் வேலை பார்த்தார். முழங்கால் மடங்காமல் போனபிறகு நிறுவனம் அவரை ஆசிரியராக எடுத்துக்கொண்டது. இணையத்தில் தொழில் கற்றுத்தரும் நிறுவனம் அது. எங்கள் வீட்டுப் பின்னறையில் கேமராவை நிறுத்தி நாற்பது பாடங்கள் எடுத்தார்கள். காட்டிச் சொல்ல ஒரு ஃப்ரிட்ஜ் வேண்டும் என்றார்கள். எங்களுடையதையே பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பதிவு இல்லாத நாட்களில் பாலும் முட்டையும் அதற்குள்தான் இருந்தன.

அவருக்குப் பேச்சு குறைவு. கம்ப்ரஸரிடம் பேசுவார். "என்னடா, ஏன் இப்படி இழுக்கிற?" என்று அதைத் தட்டிக் கேட்பார். என்னிடம் முப்பத்தொரு வருஷத்தில் பேசியதை ஒரு குயர் நோட்டில் எழுதிவிடலாம். அதில் பாதிக்கு மேல் "சாவி எங்க?" என்றிருக்கும். கோபக்காரர் இல்லை. அன்பில்லாதவரும் இல்லை. வார்த்தையை வீணாக்குவது ஃப்ரிட்ஜுக்கு ஏற்றும் கேஸை வீணாக்குவது மாதிரி என்று நினைத்தாரோ என்னவோ. ஒரு புதன்கிழமை மத்தியானம் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அன்றைக்கும் கடைசியாகக் கேட்டது சாவியைத்தான்.

அவரிடம் படித்தவர்கள் துக்கத்துக்கு வந்திருந்தார்கள். அதில் ஒருவர் ஓட்டலில் குளிர் அறையைப் பராமரிப்பவர். ஓட்டல்காரர் என்று வைத்துக்கொள்கிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்:

"இருபத்து மூணாம் பாடத்துல சார் உங்களைப் பத்திச் சொல்வாரேம்மா. அதை நினைச்சாத்தான் எனக்குத் தாங்கல."

"என்னைப் பத்தியா? என்ன சொன்னார்?"

"கேஸ் கசிவு பார்க்கிற பாடம். நீங்க சோப்புத் தண்ணிக் கிண்ணத்தை நீட்டுவீங்க. கை மட்டும் தெரியும். நீங்க போனதும் சொல்வார்: 'இந்தக் கை இல்லேன்னா என் கைக்கு ஒரு வேலையும் தெரியாது.'"

பக்கத்தில் நின்ற ஐஸ்கிரீம் கிடங்குப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே மறுத்தாள். "அப்படி இல்லண்ணா. 'நான் கோபத்துல சொன்னதையெல்லாம் இந்த நுரை மாதிரி ஊதி விட்டுட்டவ'ன்னு சொல்வார். நான் நாலு தடவை பார்த்திருக்கேன்."

"நான் ஆறு தடவை பார்த்திருக்கேம்மா."

பின்னால் நின்ற நரைத்த ஆள் ஒருவர், முதல் வருஷமே சேர்ந்து படித்தவராம், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எனக்கு அப்படியொண்ணும் ஞாபகமில்லீங்க. யாரையோ கதவைச் சாத்தச் சொல்வார். அதுவா?"

இரண்டு பேரும் அவரை முறைத்தார்கள். "பாடத்துல தூங்கினா அப்படித்தான்," என்றார் ஓட்டல்காரர். நானும் மனசுக்குள் அவரைக் கொஞ்சம் வைதேன்.

அந்தப் பாடம் எடுத்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. "நல்லா நுரை வர்ற மாதிரிக் கலக்கிக் கொண்டா," என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். சமையலறைக் குழாயைத் திறந்தபடி விட்டு வந்திருந்ததால் உடனே திரும்பிவிட்டேன். என் முதுகுக்குப் பின்னால் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பாடங்களை நான் பார்த்ததும் இல்லை. நிறுவனம் ஆசிரியர்களின் வீட்டாருக்குக் காட்டுவதில்லை. ஆசிரியருக்கே காட்டுவதில்லை.

நான் முப்பது வருஷம் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவள். ஒரே வாக்கியம் இரண்டு விதமாக வந்தால் எனக்குச் சோறு இறங்காது. மூலத்தைப் பார்த்தாக வேண்டும். இது வேறு என்னைப் பற்றிய வாக்கியம். முப்பத்தொரு வருஷம் என்னிடம் சொல்லாததை, தன்னிடம் படித்த ஆயிரத்து எண்ணூறு பேரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதை அவர் குரலில் ஒரு முறை கேட்டால் போதும் என்றிருந்தது.

படத்தைக் காட்டிய வழி தோற்றதும் விண்ணப்பம் எழுதினேன். "பாடத்தைப் பார்க்க விரும்பும் காரணம்" என்ற கட்டம் பெரிதாக இருந்தது. எனக்குப் பொய் எழுத வராது. துக்கத்துக்கு வந்த ஓட்டல்காரர் இன்ன வாக்கியத்தைச் சொன்னார், அதை நேரில் கேட்க விரும்புகிறேன் என்று, ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதினேன்.

இரண்டு பதில்கள் போயின. எனக்கு வந்தது மறுப்பு. ஓட்டல்காரருக்குப் போனது சான்றிதழ் ரத்து. பாட உள்ளடக்கத்தின் ஒரு பகுதியை, பலர் கூடிய இடத்தில், முன் அனுமதியின்றி, உணர்ச்சிபூர்வமாக, வாய்வழி மறுஒலிபரப்பு செய்தது குற்றம்.

அவரே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். "விடுங்கம்மா. சாவு வீட்டுல பேசினா ஒலிபரப்புன்னு எனக்குத் தெரியாமப்போச்சு."

"நான்தாம்பா எழுதிக் கொடுத்தேன். வேலை?"

"சர்டிபிகேட் இல்லாதவன் குளிர் அறையைத் தொடக்கூடாதாம். பாத்திரம் கழுவுற பக்கம் போட்டிருக்காங்க." பிறகு, "அங்க சோப்பு நுரைக்குப் பஞ்சமில்லம்மா," என்றார். சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. என் கையெழுத்தில் எழுதிய நாலு வரி ஒரு மனுஷனை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குத் தள்ளியிருக்கிறது.

அந்த வாரமே நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் கையுறை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். விண்ணப்பம் வந்த வீட்டைச் சோதிப்பது வழக்கமாம். மேசை இழுப்பறையில் என் கணவர் பாடத்துக்காக எழுதிவைத்த நோட்டு இருந்தது. உயரமான கையுறைக்காரர் அதைப் பக்கம் பக்கமாக ஒரு கருவியில் காட்டினார்.

"பாடத்தோட தொண்ணூத்து மூணு சதவீதம் ஒத்துப்போகுது மேடம்."

"பாடமே அந்த நோட்டைப் பார்த்துச் சொன்னதுதாங்க."

"அப்படி நீங்க சொல்றீங்க. நோட்டில தேதி இல்ல. பாடத்துல தேதி இருக்கு. எதைப் பார்த்து எது வந்துச்சுன்னு நாங்க தேதியை வச்சுத்தான் முடிவு பண்ண முடியும்."

நோட்டைப் பையில் போட்டு ஒட்டினார்கள். பிறகு பின்னறைக்குப் போனார்கள். ஃப்ரிட்ஜைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். நாற்பது பாடங்களிலும் இடம்பெற்ற பொருள் என்பதால் அதுவும் உள்ளடக்கம் என்று சொல்லி, கதவுக்குக் குறுக்கே ஒரு மஞ்சள் முத்திரைத் தாளை ஒட்டினார்கள். பின்பக்க மூடிக்கும் ஒன்று.

"உள்ளே பால் இருக்கு," என்றேன்.

"பால் எங்களுடையது இல்ல மேடம். நீங்க தாராளமா எடுத்துக்கலாம்."

"எப்படி எடுக்கிறது? திறக்கக்கூடாதுன்னு ஒட்டியிருக்கீங்களே."

அவர் உண்மையிலேயே யோசித்தார். "அதுக்குத் தனியா ஒரு மனு இருக்கு," என்றார். "ஆனா ஓட விடலாம். ஓடுறதை நாங்க தடுக்கலை. குளிர்ச்சியில உள்ளடக்கம் எதுவும் இல்ல."

"நல்லவேளை," என்றான் கொழுந்தன். "அண்ணன் மூச்சு விட்ட காத்து இன்னும் இந்த அறையிலதான் சுத்திட்டிருக்கு. அதுக்கும் சீல் வைப்பீங்களோன்னு பயந்துட்டேன்."

குட்டையானவர் அதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு நேரிலேயே போனோம். கொழுந்தன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவில் என்னைக் கூட்டிப்போனான். வாசலில் தொலைபேசியை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். பேனாவை வாங்கினார்கள். என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு காதுப் பக்கத்தில் வட்டமாக ஒரு வில்லையை ஒட்டித் தந்தார்கள். உள்ளே பச்சை நாற்காலிகள் வரிசையாக இருந்தன. சுவரில், "பார்ப்பதும் ஒரு வகைப் பிரதி எடுத்தலே" என்று எழுதியிருந்தது. அதன் கீழே உட்கார்ந்தோம்.

உள்ளடக்கப் பாதுகாப்பு அதிகாரி மரியாதையானவர். எழுந்து நின்று வரவேற்றார். தண்ணீர் கொடுத்தார். என் கணவரின் பாடங்களை மிகவும் மதிப்பதாகச் சொன்னார்.

"பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"ஐயோ, இல்ல மேடம். எனக்கு அனுமதி கிடையாது." கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "உங்க வருத்தம் புரியுது. ஆனா எங்க பொறுப்பையும் நீங்க பார்க்கணும். எங்ககிட்ட நாற்பதாயிரம் பாடம் இருக்கு. அதுல முப்பத்தோராயிரத்தை இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கூடத் திருடலை. உலகத்துலயே இது பெரிய சாதனை."

"எப்படிங்க முடிஞ்சது?" என்றான் கொழுந்தன்.

"ஒருத்தர்கூடப் பார்க்கலை," என்றார் அதிகாரி. "பார்க்கிறதுலதான் சார் எல்லாம் ஆரம்பிக்குது. பார்க்கிறான். பிடிக்குது. ஞாபகம் வச்சுக்கிறான். அப்புறம் யார்கிட்டயாவது சொல்றான். இந்த ஞாபகம்ங்கிற ஓட்டையை மட்டும் எங்களால இன்னும் அடைக்க முடியலை. ஆராய்ச்சி நடக்குது."

"பாடம் சொன்ன ஆசிரியரே தன்னோட பாடத்தைப் பார்க்கக் கூடாதா?"

"அவங்கதான் மேடம் முதல் ஆபத்து. மத்தவங்க பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். அவங்களுக்கு ஏற்கெனவே தெரியும்." குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டுக்காரர் காலமானது ரொம்ப வருத்தமான விஷயம். ஆனா பாதுகாப்புக் கோணத்துல பார்த்தா அந்தக் கணக்குல இனிமே எந்த ஆபத்தும் இல்ல. பச்சை போட்டுட்டோம்."

திரையைத் திருப்பிக் காட்டினார். என் கணவர் பெயருக்கு எதிரே ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. மேலும் கீழும் எல்லாம் சிவப்பு. அவருடைய வாழ்க்கையில் யாரும் அவரை இவ்வளவு நிம்மதியோடு பார்த்ததில்லை.

வழி ஒன்றுதான் என்றார். நான் மாணவியாகச் சேர வேண்டும். பாடங்கள் வரிசைப்படிதான் திறக்கும். இருபத்திரண்டு பாடத்தில் தேறினால் இருபத்து மூன்று தானாகத் திறக்கும்.

"ஐம்பத்தெட்டு வயசுல ஃப்ரிட்ஜ் ரிப்பேரா?" என்றான் கொழுந்தன், படி இறங்கும்போது.

"உங்க அண்ணன் சொன்னா எனக்குப் புரியும்," என்றேன்.

சேர்ந்தேன். பாடம் ஓடும்போது கேமரா என் கண்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைக்க வேண்டும். ஒரு கை மறைந்தாலும் நான் எதையோ எடுக்கிறேன் என்று பாடம் நின்றுவிடும். திருட்டுத்தனமாகப் படம் பிடித்தால் ஆளைக் கண்டுபிடிக்க, பார்க்கிறவரின் பெயர் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். என் பெயர் அவருடைய நெற்றியில் தொடங்கி, மூக்கில் இறங்கி, வாயை மூடிக்கொண்டு நகர்ந்தது. எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்தது கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

"வணக்கம். இது ஸ்க்ரூடிரைவர். இதைக் கீழே வைக்காதீங்க, தேடுவீங்க," என்றார் என் கணவர்.

அவ்வளவுதான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கண் மறைக்கப்பட்டுள்ளது. பாடம் நிறுத்தப்படுகிறது" என்றது திரை. துடைக்கக் கையை எடுத்தேன். "கை மறைக்கப்பட்டுள்ளது. பாடம் முதலிலிருந்து தொடங்கும்."

"வணக்கம். இது ஸ்க்ரூடிரைவர்," என்றார்.

முதல் பாடத்தை முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் அழாமல் பார்க்கப் பழகிவிட்டேன். நிறுவனம் எனக்குக் கற்றுத்தந்த முதல் தொழில் அதுதான். இன்றைக்கும் அது கைவிடவில்லை. யார் வீட்டுத் துக்கத்திலும் என் கண் நனைவதில்லை. பார்க்கிறவர்கள் என்னைக் கல் என்று நினைக்கிறார்கள்.

நாலு மாதம் படித்தேன். கம்ப்ரஸர் ஏன் சூடாகிறது, கேபிலரி என்கிற மெல்லிய குழாய் எப்படி அடைக்கிறது, கசிவு பார்க்க நைட்ரஜனைத்தான் ஏற்ற வேண்டும், தப்பித் தவறியும் ஆக்சிஜனை ஏற்றினால் எண்ணெயில் பட்டு வெடிக்கும் என்பதெல்லாம் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் முப்பத்தொரு வருஷம் நடந்த வேலை இது. ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. மாலையில் கொழுந்தன் வந்து வாய்ப்பாடு மாதிரிக் கேள்வி கேட்பான். "அண்ணி, அண்ணன் இருந்திருந்தா உங்களைப் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கும்," என்பான்.

சில இடங்களில் மட்டும் எனக்கு உறுத்தியது. பத்தாம் பாடத்தில் குழாயை வெட்டிக்கொண்டே, "என் அன்புக்குரிய மாணவர்களே, ஒவ்வொரு தோல்வியும் வெற்றியின் முதல் படிக்கட்டு என்பதை மறவாதீர்கள்," என்றார். "மறவாதீர்கள்" என்று அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. கேமரா முன்னால் மனுஷனுக்கு என்ன பேச்சு வந்திருக்கிறது பார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இருபத்திரண்டாம் பாடத்தில் நூற்றுக்கு எழுபத்தெட்டு வாங்கினேன். இருபத்து மூன்றைத் திறந்தேன். அதற்குப் பதில் ஓர் அறிவிப்பு வந்தது:

"இந்தப் பாடத்தில் இடம்பெறும் வலது கையோடு உங்கள் வலது கை ஒத்துப்போகிறது. பாடத்தின் ஒரு பகுதியாக உள்ளவர் அதே பாடத்தின் பார்வையாளராக இருக்க இயலாது. அலுவலகத்தை அணுகவும்."

அதிகாரி இம்முறை உற்சாகமாக இருந்தார். ஒரு கையே தன்னைத் திருட வந்ததைக் கருவி தானாகக் கண்டுபிடித்தது இதுவே முதல் தடவையாம். என் விஷயத்தைப் பயிற்சிக் கையேட்டில் சேர்த்துவிட்டார்களாம். அந்த மகிழ்ச்சியில், கண்காணிப்பு அறையில் ஒரே ஒரு முறை பார்க்கச் சிறப்பு அனுமதி வாங்கி வைத்திருந்தார்.

"உங்க பேர்ல ஒரு பிரதி தயார் பண்ணணும். அந்த இடத்துல என்ன மாதிரி வேணும் மேடம்?"

"எந்த இடத்துல?"

"நீங்க கேட்ட இடம்தான். கிண்ணம் குடுத்துட்டுப் போனதும் வர்ற வாக்கியம். அதுல நன்றி, மன்னிப்பு, பெருமைன்னு மூணு வகை இருக்கு."

எனக்குப் புரியவில்லை. கொழுந்தனுக்குப் புரிந்துவிட்டது போல. நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான்.

அதிகாரி பொறுமையாக விளக்கினார். "திரையில பேர் ஓடுறதை அழிச்சிட்டுத் திருடுறாங்க மேடம். அதனால ஒவ்வொரு மாணவருக்கும் குடுக்கிற பிரதியில ஒரு சில வாக்கியத்தை மட்டும் வேற வேற மாதிரி மாத்திடுவோம். ஆசிரியர் குரல்லயே கருவி பேசிடும். பிரதி எங்கயாவது வெளியில வந்தா, அந்த வாக்கியத்தைக் கேட்டாப் போதும், யாரோட பிரதின்னு தெரிஞ்சுடும். துக்க வீட்டுல பேசினவரைக் கூட அப்படித்தான் உறுதி பண்ணோம். வார்த்தைக்கு வார்த்தை அவரோட பிரதி."

"எந்த வாக்கியத்தை மாத்துவீங்க?"

"ஆரம்பத்துல எண்களைத்தான் மாத்தினோம். அழுத்தம், அளவு, அந்த மாதிரி. அப்புறம் ஒரு பட்டறையில சிலிண்டர் விஷயமா ஒண்ணு ஆகிப்போச்சு." தண்ணீர் குடித்தார். "அதுக்கப்புறம் பாடத்துக்குத் தேவையில்லாத வாக்கியமா பார்த்து மாத்துறோம். குடும்பம், பாசம், இந்த மாதிரி. இதுக்கு நெகிழ்ச்சிச் செருகல்னு பேரு. திருடுறவன்கூட அதை வெட்டுறதில்ல, பாருங்க. உங்க கை வர்றதால அங்க மனைவி சம்பந்தமா வச்சோம். ஆயிரத்து எண்ணூறு பேருக்கு ஆயிரத்து எண்ணூறு வாக்கியம். ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது."

"அவர் உண்மையில என்ன சொன்னார்?"

"மூலத்தை நாங்க வச்சுக்கிறதில்ல மேடம். இருந்தாத்தானே திருடுவாங்க? முதல் வருஷத்தோட அழிச்சாச்சு. இப்ப எது மூலம்னு வெளியில யாருக்கும் தெரியாது. எங்களுக்கே தெரியாது." கைகளைக் கோத்துக்கொண்டார். "பாதுகாப்புல இதுக்கு மேல ஒரு நிலை இல்ல."

கொழுந்தன் எழுந்து நின்றான். "எங்க அண்ணன் குரலை..."

"ஒப்பந்தத்துல பதினாலாம் பக்கம் இருக்கு சார். கையெழுத்துப் போட்டிருக்கார்."

நான் கொழுந்தனின் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். ஏதாவது ஒன்றைப் போடுங்கள் என்றேன். அவர் நன்றியைப் போட்டார்.

கண்காணிப்பு அறையில் ஒரு திரை, ஒரு மேசை, ஒரு நாற்காலி. கொழுந்தன் வாசலில் நின்றான். கைகளை விரித்து வைத்தேன். பாடம் ஓடியது. என் கை சட்டகத்துக்குள் வந்தது. மணிக்கட்டில் நுரை வழிந்துகொண்டிருந்தது. அவர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். கை போய்விட்டது. அவர் தலையைத் திருப்பிக் கதவுப் பக்கம் பார்த்தார். திரையில் ஓடிக்கொண்டிருந்த என் பெயர் அந்த நேரம் பார்த்து அவருடைய தாடையைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. வாய் தெளிவாகத் தெரிந்தது.

"முப்பத்தொரு வருஷமா என் வாழ்க்கைங்கிற இயந்திரத்துக்குக் குளிர்ச்சியா இருந்தவ இவ. இவளுக்கு நான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்ல. இன்னைக்கு உங்க முன்னால சொல்றேன்..."

அவர் குரல்தான். தொண்டையில் அந்தச் சின்னக் கரகரப்புக்கூட அப்படியே இருந்தது. ஆனால் "முப்பத்தொரு" என்பதற்குள் அவர் வாய் மூடிவிட்டது. மூடிய வாயோடு கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ வருவார்கள் என்று எதிர்பார்ப்பது போல ஒரு கணம். பிறகு, என்னோடு வாழ்ந்த வருஷமெல்லாம் ஆட்டியது போல, தலையை லேசாக ஆட்டிக்கொண்டார். தூரிகையை நுரையில் தோய்த்துக் குழாய் இணைப்பில் தடவ ஆரம்பித்தார். மூடிய வாயிலிருந்து அவர் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்தக் குரலுக்குக் கீழே வேறொரு சத்தம் இருந்தது. சமையலறைக் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம். அதை எடுக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. சட்டகத்தின் வலது ஓரத்தில் பின்னறைக் கதவு பாதி திறந்து கிடந்தது. பாடம் முடியும்வரை திறந்தேதான் கிடந்தது.

துக்கத்துக்கு வந்த அந்த நரைத்த மனுஷர் பாடத்தில் தூங்கவில்லை.

"படத்துல வாய் ஒட்டலைன்னு பார்க்காதீங்க மேடம்," என்றார் அதிகாரி. "அடுத்த வருஷம் அதையும் மாத்திடுவோம்." ஒரு தாளை நீட்டினார். 'பெற்றுக்கொண்ட பிரதி மூலத்தோடு முழுமையாக ஒத்திருக்கிறது' என்று அச்சிட்டிருந்தது. கீழே கையெழுத்து.

நான் பேனாவை வாங்கி, மூலத்துடன் ஒப்பிடவில்லை என்று எழுதப் போனேன்.

"அப்படி எழுதினா கணினி ஏத்துக்காது. கோப்பு மூடாது. கோப்பு மூடலேன்னா இது சம்பந்தமா வந்த மத்த மனுவையும் பார்க்க முடியாது. அந்த ஓட்டல்காரர் சான்றிதழ் கேட்டுப் போட்டிருக்கார்ல..."

"அவர் சொன்னது பாடமே இல்லையே. நீங்க செருகினதுதானே? பாடத்தை ஒலிபரப்பினார்னு எப்படிச் சொல்றீங்க?"

அதிகாரி முதல் தடவையாக என்னை அனுதாபத்தோடு பார்த்தார். "பாடத்தை யார் வேணாலும் சொல்லலாம் மேடம். கேஸ் எப்படி ஏத்துறதுன்னு ஊருக்கே தெரியும். அது உங்க வீட்டுக்காரரோடது. செருகல்தான் எங்களோட சொத்து."

கையெழுத்துப் போட்டேன். மூலத்தைப் பார்க்காமல், சரி என்று நான் கையெழுத்திட்ட முதல் மெய்ப்பு அது. ஓட்டல்காரரின் மனு பரிசீலனையில் இருக்கிறது.

வேனில் திரும்பினோம். வாசலில் இறங்கும்போது கொழுந்தன், "அண்ணன் என்னதான் அண்ணி சொல்லியிருக்கும்?" என்று கேட்டான்.

"பெருசா ஒண்ணுமில்ல," என்றேன்.

வீட்டுக்குள் போய்க் கை கழுவக் குழாயைத் திறந்தேன். பின்னறையில் முத்திரையிட்ட ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. ஈரக் கையோடு, குழாயை மூடாமல், அங்கே போனேன்.

கதவைச் சாத்தினேன்.